நிறுத்தட்டுங்களா?

எங்கள் கல்லூரியில் செங்கோடன் என்று ஒருவர் இருக்கிறார். தும்மல் வந்தால்கூட எதிரே இருப்பவரிடம் “தும்மட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் தும்முவார் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரிப்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் டிபன் பாக்ஸ் சங்கதியை நானே கண்ணால் பார்த்தேன். கேன்டீனில் அதைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருந்த அக்கவுண்ட்ஸ்காரரிடம், “கருவாட்டுக் கொளம்புங்க, தொறக்கட்டுங்களா?” என்று கேட்டார். அக்கவுண்ட்ஸ்காரர் மூக்கைச் சுளித்தார். இவர் “சரிங்க” என்று டப்பாவை அப்படியே பைக்குள் வைத்துவிட்டு, எழுந்து போய்த் தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

நான் அனிதா, அதே கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து தினமும் கல்லூரி பஸ்ஸில் வந்து போகிறவள். எங்கள் பக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு இவ்வளவு ‘ங்க’ போட மாட்டோம். கேட்க வேண்டியதைக் கேட்போம், திட்ட வேண்டியவரைத் திட்டுவோம், மத்தியானமே மறந்துவிடுவோம். அதனால் செங்கோடனைப் பார்த்தால் எனக்குப் பாதி நேரம் எரிச்சலாக வரும். மீதி நேரம் பாவமாக இருக்கும்.

அவருக்குச் சொந்த ஊர் வெண்ணந்தூர். திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். எம்.சி.ஏ. முடித்துவிட்டுப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே யாராவது, “இன்னைக்கு என் ஷிஃப்டையும் நீங்களே பாத்துக்கறீங்களா?” என்று கேட்டால், “அதுக்கென்னங்க” என்பார். இப்படி ஒருவர் கேட்க, இன்னொருவர் கேட்க, கடைசியில் அந்தத் தளத்தில் இவர் ஒருவர்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேள்வி. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய் ஊருக்குத் திரும்பி வந்தபோது, கதவைத் திறந்த அம்மா “யாருங்க வேணும்?” என்று கேட்டாராம்.

அவர் கல்யாணத்திலும் ஒரு கூத்து. பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து சாப்பிட இலை போட்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஒரு பெரியவர் பரபரத்திருக்கிறார். மாப்பிள்ளை எழுந்து, “நீங்க உக்காருங்க” என்று தன் இலையைக் கொடுத்துவிட்டார். கல்யாண ஆல்பத்தில் மணப்பெண் சுகன்யா பக்கத்தில் உட்கார்ந்து ஜிலேபி சாப்பிடுகிறவர் வாழப்பாடிக்காரர் ஒருவர். அவர் எந்த வகைச் சொந்தம் என்று இன்றுவரை இரண்டு வீட்டாருக்கும் தெரியாது.

சுகன்யா நேர் எதிர். ராசிபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டால், “எங்கப்பன் வந்து கேட்டாலும் தர மாட்டனுங்க, போயிட்டு வாங்க” என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர். அந்தக் கடையில் ஒரே ஒரு நாள் செங்கோடனை உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் உட்கார வைக்கவில்லை.

இனி அவர் பார்க்கும் வேலையைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் ஆராய்ச்சி மானியத்தில் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் கூட்டம் இருக்கிறது. கிளஸ்டர் என்பார்கள். குளிர் அறைக்குள் முன்னால் ஒன்று, பின்னால் எட்டு. யாராக இருந்தாலும் முதலில் முன்னால் இருப்பதற்குள் நுழைந்து, தங்கள் வேலையை வரிசையில் பதிந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பின்னால் உள்ள எட்டில் எது காலியாகிறதோ அதற்கு அந்த வேலை தானாகப் போய்ச் சேரும். முன்னால் இருப்பதற்கு ‘வாசல்’ என்று செங்கோடன் பேர் வைத்தார். அறைக்குள் ஒயர் இழுத்தது, மின்விசிறிக்குத் தூசி தட்டியது, மின்சாரம் போனால் ஓடி வந்து ஜெனரேட்டர் போட்டது எல்லாம் அவர் கை. ஆயுத பூஜைக்கு ஒன்பதுக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைப்பார். வைப்பதற்கு முன்னால் அவற்றிடமும் கேட்பாரோ என்னவோ, நான் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு புரிந்துவிடும். வாசலில் பன்னீர் தெளித்துக் கல்கண்டு கொடுக்க ஒரு மேசை இருக்கும். சாப்பாட்டுக் கூடம் உள்ளே. எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், பந்திக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் பன்னீர் மேசையிலேயே இலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வரிசையில் பதிவதற்கு நாலு வரி எழுதப் பழக வேண்டும். வாசலிலேயே ஓடவிட்டால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஒருவர் உட்கார்ந்தால் சமாளித்துக்கொள்ளலாம். ஊரே உட்கார்ந்தால் உள்ளே போக வழி ஏது? வாசல் மூச்சுத் திணறி நின்றுபோகும். உள்ளே எட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்.

இதில் முதல் குற்றவாளி மெக்கானிக்கல் துறைத் தலைவர் சடையன். லாரி கேபின் சுவரில் மோதினால் எப்படி நசுங்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறவர். அடுத்தவர் டைரக்டர் பூபதி. தாளாளரின் மாப்பிள்ளை. கல்லூரி போக மூன்று கோழிப்பண்ணையும் அவர் பொறுப்பு. எந்தத் தீவனத்தை எந்த அளவில் கலந்தால் முட்டை பெரிதாகும் என்று கண்டுபிடிக்க ஒரு ப்ரோகிராம் எழுதச் சொல்லி, அதை வாசலிலேயே ஓடவிட்டிருந்தார். கோழிகள் தங்கள் பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டிருந்தன. ப்ரோகிராம் முடிகிற வழியைக் காணோம். ஒழுங்காக வரிசையில் பதிந்து காத்திருந்தது ஒரே ஒரு ஜீவன்தான். மரவள்ளி இலை நோயைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி மாணவி மலர்விழி.

வாசலில் உட்கார்ந்தவரை எழுப்புவது செங்கோடனின் வேலை. எந்த ப்ரோகிராமையும் ஒரு வரி தட்டி நிறுத்திவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சொந்தக்காரரைக் கேட்காமல் எப்படி நிறுத்துவது? போன் போடுவார். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தபோது சடையனுக்குப் போட்டார்.

“சார், வணக்கமுங்க. செங்கோடன் பேசறனுங்க. சாப்டீங்களா?”

“சாப்டாச்சு. என்னங்க?”

“உங்க லாரி வாசல்ல ஓடிட்டிருக்குதுங்க.”

“ஓடட்டும்.”

“மத்தவங்க உள்ள வர முடியாம நிக்கறாங்க சார். நிறுத்தட்டுங்களா?”

“வேண்டாங்க. இன்னும் செவுத்துல மோதலையே.”

“சரிங்க சார். மோதுன பொறகு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய காரியத்தை முடித்துவிட்ட சிரிப்பு அது. என் கையில் சாக்பீஸ் இருந்தது, எறிந்திருப்பேன்.

இப்படி இருக்கும்போது மானியம் கொடுத்தவர்கள் ஒருநாள் பார்வையிட வந்தார்கள். மலர்விழி இலைப் படங்களை வைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. அவள் திரையில் தன் பெயரைத் தட்டினாள். வாசல் திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி அணைந்தது, அவ்வளவுதான். வந்தவர்கள் டீ குடித்தார்கள், முறுக்குச் சாப்பிட்டார்கள், அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், “அடுத்த மாதம் இன்னொரு தரம் வருகிறோம், அப்போது ஓடினால் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் டைரக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “செங்கோடன், அடுத்த மாசம் மானியம் குடுத்த ஒறம்பரைக வாரன்னைக்கும் இந்தப் பொட்டி நின்னுச்சுன்னா, நீங்க பஸ் செக்‌ஷனுக்குப் போயிருங்க. மெஷினப் பாத்துக்கறதுக்குச் சேலத்துல கம்பெனிக்காரன் இருக்கறான். ஆர்டர் டைப் பண்ணி வெச்சர்றேன்.”

“சரிங்க சார்” என்றார் செங்கோடன். அதற்கும் சரிங்க!

அன்று வாசலை அடைத்துக்கொண்டிருந்ததில் பெரிய இலை டைரக்டருடைய தீவனம்தான் என்பது செங்கோடனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். டைரக்டருக்கு மட்டும் தெரியாது. வாராவாரம் போனில் ‘நிறுத்தட்டுங்களா?’ என்று கேட்டதோடு சரி, காரணத்தை இவர் சொல்லவும் இல்லை.

பஸ் செக்‌ஷன் என்றால் லேசில்லை. நாமக்கல், சேலம் இரண்டு பக்கமும் எங்கள் மஞ்சள் பஸ்கள் ஓடுகின்றன. காலையில் எழுந்ததிலிருந்து பெற்றோர்கள் போன் செய்வார்கள். எங்க ஊட்டு முக்குல நிறுத்துங்க, பாப்பா இன்னும் சடை பின்னல, கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க என்று. அந்த வேலைக்கு ‘முடியாது’ என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தால் போதும். செங்கோடனை அங்கே போட்டால் ஒரு பஸ்ஸும் கல்லூரிக்கு வந்து சேராது. இது எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது. எனக்கும்தான். சாயந்திரம் குளிர் அறைப் பக்கம் போனபோது, அவர் வாசல் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை ஒரு துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். “இதுகளை உட்டுட்டு என்னால பஸ்ஸுக்குப் போக முடியாதுங்க மேடம்” என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்படின்னா போன் பண்றதை நிறுத்துங்க” என்றேன். “வாசல்ல ஆளுக்கு இவ்வளவுதான்னு ஒரு எல்லை போட முடியுமில்ல? தாண்டினா தானா நின்னுடற மாதிரி? எல்லா ஊர்லயும் அப்படித்தானே வச்சிருக்காங்க.”

“முடியுமுங்க. நெம்ப நாளா எழுதி வெச்சிருக்கறேன். போடறதுக்குத்தான் மனசு வரலீங்க.”

“போடுங்க.”

போட்டார். மறுநாள் வாசல் காற்றாட இருந்தது. மலர்விழி ஓடி வந்து, “சார், தட்டின உடனே திறக்குது” என்று ஆச்சரியப்பட்டாள். அந்த ஆச்சரியம் மத்தியானம் வரைதான். முதலில் சடையன் கூப்பிட்டார். அவர் லாரி பாதி வழியில் நின்றுவிட்டதாம், சீனியர் என்ற முறையில் தனக்கு மட்டும் எல்லையை எடுத்துவிட வேண்டுமாம். எடுத்துவிட்டார். சிவில்காரர் கூப்பிட்டார், செங்கோடனுக்குப் பக்கத்து ஊர். எடுத்துவிட்டார். கெமிஸ்ட்ரி மேடம் சுகன்யாவின் கடையில் மருந்து வாங்குகிறவர். டைரக்டர் கூப்பிடவே இல்லை. இவராகவே பார்த்து எடுத்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தால், கல்லூரி முழுவதிலும் எல்லைக்குக் கட்டுப்பட்ட ஒரே ஆள் மலர்விழி. அவள் ஒருத்திதான் வந்து கேட்கவில்லை.

“இதுக்கு எல்லையே போடாம இருந்திருக்கலாம்” என்று கத்தினேன்.

“ஆமாங்க மேடம். அதனால எல்லையை மொத்தமா எடுத்துட்டனுங்க. பாவம், அந்தப் புள்ளைக்கு மட்டும் வெச்சா நாயமா இருக்காதுங்க.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அவசரமாக, “வேற ஒண்ணு யோசன பண்ணி வெச்சிருக்கறனுங்க” என்றார்.

அவர் யோசித்தது இது. போனில் பேசினால்தானே முகத்தை முறித்துக்கொள்ள முடியவில்லை? ஒரு ப்ரோகிராமே பேசட்டும். வாசலில் யார் அதிகமாகப் போட்டு ஓட்டுகிறாரோ அவருக்கு அது மெயில் அனுப்பும். பதில் வரும்வரை காத்திருக்கும். ‘சரி, நிறுத்துங்கள்’ என்று பதில் வந்தால் நிறுத்தும். மெயிலை அவரே எழுதியிருந்தார். எனக்குக் காட்டினார்:

‘மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், வணக்கம். நலம், தங்கள் நலமும் தங்கள் குடும்பத்தார் நலமும் அறிய ஆவல். தங்களது ப்ரோகிராம் தற்சமயம் வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் குறை சொல்வதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். தங்களுக்குச் சிரமம் இல்லையெனில் அதை நிறுத்திக்கொள்ளலாமா என்பதைத் தெரிவித்தால் மிகவும் கடமைப்பட்டவனாக இருப்பேன். பிழையிருப்பின் பொறுத்தருளவும்.’

“பதில் வராட்டி?” என்று கேட்டேன்.

“அடுத்த நிமிசம் இன்னொருக்கா கேக்குமுங்க.”

“அதுக்கும் வராட்டி?”

“திரும்பக் கேக்குமுங்க. நெதானமா, கோவமே படாம கேட்டுட்டே இருக்குமுங்க.” ஒரு நல்ல பிள்ளையைப் பெற்றுவிட்ட தகப்பனைப் போல முகம் மலர்ந்திருந்தார். எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் மேலே எதுவும் கேட்காமல் போய்விட்டேன்.

மானியக்காரர்கள் மறுபடி வரும் நாள் வந்தது. கேட்டில் வாழைமரம் கட்டாத குறை. டைரக்டர் வெள்ளைச் சட்டையில் கல்லூரி வாசலில் நின்றார். நான் முதல் வகுப்பு முடித்து வெளியே வந்தபோது மலர்விழி எதிரே ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “மேடம், வாசல் திறக்கல” என்றாள்.

நானும் அவளும் குளிர் அறைக்கு ஓடினோம். செங்கோடன் வாசல் கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகியிருந்த கீபோர்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் கழுத்தில் வேர்வை. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வர, ஒரு டீ போட்டு ஆற்றிக் குடிக்கும் நேரம் பிடித்தது. யார் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வந்தவர்கள் காரை விட்டு இறங்கிவிட்டார்கள் என்று வாட்ச்மேன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“டைரக்டரோட தீவனமாத்தான் இருக்கும்” என்றேன்.

பட்டியல் மெதுவாக மேலிருந்து இறங்கியது. முதல் வரியில் செங்கோடன் என்று இருந்தது. இரண்டாவது வரியிலும் செங்கோடன். மூன்றாவது, நான்காவது, திரை நிறைய, கீழே உருட்ட உருட்ட, செங்கோடன், செங்கோடன், செங்கோடன்.

விஷயம் இதுதான். அவருடைய மரியாதை ப்ரோகிராம் நிமிடத்துக்கு நிமிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு மெயில் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு மெயிலுக்கும் பதில் வந்ததா வந்ததா என்று பார்க்க ஒரு குட்டி ப்ரோகிராமை ஆள் மாதிரி வாசலிலேயே உட்கார வைத்திருந்தது. ஒருத்தரும் பதில் போடவில்லை. உட்கார்ந்த ஆள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாள் போகப் போக ஆயிரக்கணக்கான பணிவான ஆட்கள் வாசலில் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள். இதைவிடக் கொடுமை, வாசலை அதிகமாக அடைப்பது யார் என்று பார்த்து, அந்த ப்ரோகிராம் செங்கோடனுக்கே மெயில் அனுப்ப ஆரம்பித்திருந்தது. ‘மதிப்பிற்குரிய ஐயா, நலம், நலமறிய ஆவல்.’ அவர் பெட்டி அதனால் நிரம்பி வழிந்தது. மற்றவர்களுக்குப் போனதன் நகல் என்று நினைத்து அவர் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

செங்கோடன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “மேடம், நிறுத்தட்டுங்களா?”

“யோவ், அது உங்க ப்ரோகிராம்! அதுக்கும் என்கிட்டயா கேப்பீங்க?”

‘யோவ்’ என்று அவரை நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. அவர் திடுக்கிட்டுப் போய்ச் சட்டென்று தட்டிவிட்டார். பட்டியலில் இருந்த செங்கோடன்கள் கொத்துக் கொத்தாக மறைந்தார்கள். வாசலுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கொஞ்சம்தான். இப்போது பட்டியலின் தலையில் டைரக்டர் பூபதியின் தீவனம் இருந்தது, பாதி வாசலை அடைத்துக்கொண்டு. அதற்குக் கீழே லாரி.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. செங்கோடன் போனை எடுத்து டைரக்டரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விருந்தாளிகளோடு இருப்பவர் எப்படி எடுப்பார்? மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. தாளாளரின் மாப்பிள்ளை, பல நாளாக ஓடும் ப்ரோகிராம், நிறுத்தினால் முதலிலிருந்து ஓட வேண்டும். நிறுத்தாவிட்டால் பஸ் செக்‌ஷன். நிறுத்தினாலும் பஸ் செக்‌ஷன்தான் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கும்.

போனைச் சட்டைப்பையில் போட்டார். யாரையும் பார்க்கவில்லை. தீவனத்தை நிறுத்தினார். லாரியை நிறுத்தினார். அந்தப் பழைய எல்லையை எடுத்து ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போட்டார், தனக்கும் சேர்த்து. பிறகு மலர்விழியிடம், “நீ போய்த் தட்டு சாமி, தொறக்கும்” என்றார்.

திறந்தது. அவளுடைய இலைப் படங்கள் உள்ளே போய், எட்டுக் கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் இரைய ஆரம்பித்தன. எந்தச் செடிக்கு நோய், எந்தச் செடி நல்லது என்று திரையில் பச்சையும் சிவப்புமாக வந்தபோது, வந்தவர்களில் ஒரு அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முறுக்கு அப்படியே இருந்தது, யாரும் தொடவில்லை. டைரக்டர் எல்லோரையும் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். மூன்று மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். நாலு மணிக்கு டைரக்டர் ரூமிலிருந்து செங்கோடனுக்கு ஆள் வந்தது.

அவர் வெளியே வரும்வரை நான் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். உள்ளே போய் மன்னிப்புக் கேட்டே வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார் என்று பயம். எங்கள் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். “இருய்யா” என்று ஒரு அதட்டு அதட்டினேன். வேட்டி தடுக்கியவரைப் போல ஒரு தினுசாக நடந்து செங்கோடன் வந்தார், பேன்ட்தான் போட்டிருந்தார். உள்ளே நடந்ததை அவர் சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

டைரக்டர் நேராகவே கேட்டாராம்: “என்ற தீவன ப்ரோகிராம நிறுத்துனது யாருங்க?”

“நாந்தானுங்க.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?”

“போன் பண்ணுனனுங்க. நீங்க எடுக்கலீங்க. எடுத்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

இதைச் சொன்னது தான்தானா என்று செங்கோடனுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். டைரக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “அதை அங்க ஓட்டக் கூடாதுங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

“கூடாதுங்க சார். மொதல்ல இருந்தே கூடாதுங்க.”

“அப்பறம் ஏங்க எங்கிட்ட வாராவாரம் நிறுத்தட்டுங்களா, நிறுத்தட்டுங்களான்னு கேட்டுட்டே இருந்தீங்க? நீங்க கேக்கறதப் பாத்து, அது என்ற இஷ்டம்னுதான நான் நெனச்சுட்டிருந்தேன்? கூடாதுன்னு ஒருத்தரும் எங்கிட்ட சொல்லவே இல்லீங்களே!”

இந்த இடத்தில் செங்கோடன் நிறுத்தி, தன் செருப்பைப் பார்த்தார். இத்தனை நாளும் டைரக்டரைக் கொடுங்கோலர் என்று நினைத்து நான் மனதுக்குள் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அந்த மனிதருக்கு விஷயமே தெரியாது. மரியாதை மரியாதை என்று இவர் அவரிடமிருந்து மறைத்து வைத்திருந்தது ‘கூடாது’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான்.

“அப்பறம்?” என்றேன்.

“இப்ப மறுபடி ஓட உடுங்கன்னாரு. வரிசையில போட்டிருக்கறனுங்க, நாளைக்கு மத்தியானத்துக்கு மேல ஆகுமுங்கன்னேன். எனக்கு முன்னாடி யாருன்னாரு. மலர்விழி, அதுக்கப்பறம் சடையன் சாருங்கன்னேன். முன்னால தள்ளிப் போட முடியாதுங்களான்னு கேட்டாருங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“முடியாதுங்கன்னேன்.”

அவர் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் இருக்கிறதே! புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு முதல் அடி வைப்பதுபோல அத்தனை ஜாக்கிரதையாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

“அவர் கோவிச்சுக்கலையா?”

“இல்லீங்க. ‘சரி, நிக்கறேன்’னாரு.”

டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். நான் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, “அந்த பஸ் செக்‌ஷன் ஆர்டர் என்ன ஆச்சு? டைப் பண்ணி வெச்சிருந்தாரே?” என்று கேட்டேன்.

“மேசை மேலதான் இருந்துச்சுங்க. அதப் பத்தி அவரு ஒண்ணும் பேசலீங்க.”

“நீங்க கேக்கலையா?”

“கேக்கலீங்க மேடம்” என்றார் செங்கோடன். “நாளைக்குக் காலையில வந்து என்ற சேர்ல உக்காந்துக்கறனுங்க.”